வட்டுக்கோட்டைச் செமினரி: மாணாக்கரும் சீடரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒல்லாந்தர் ஆட்சி 1658 இல் ஏற்பட்டது. அவ்வாட்சியில் அரச உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டப்பட்டமையாற் குடாநாட்டு மக்களுட் பெருந்தொகையினர் பள்ளித் தோம்புகளிலே கிறித்தவராயினர். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்நிலை தளர்ந்ததும் அவருட் பெரும்பாலோர் முன்னோர் சமயத்துக்கே வெளிப்படையாக மீண்டனர். தோம்பிற் பெயர் பதிந்தவர் அனைவரும் விசுவாசிகள் அல்லர் என்பதை இம்மாற்றம் தெளிவாகக் காட்டிற்று.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களும் அவற்றைச் சார்ந்த மனைகளுமே அவர்களுக்கு உறைவிடமாயின. ஆயின் ஒல்லாந்தரின் வழியை அவர்கள் பின்பற்றினாரல்லர். அரச அதிகாரம் அவர்களிடம் இருக்கவுமில்லை. பெயரளவிற் கிறித்தவரைப் பெருக்குவதிலும், உள்ளம் மாறி ஏனையோரையும் அவ்வழியில் நிறுத்தவல்ல சீடர் சிலரை உருவாக்குவதே அவர்தம் நோக்கமாயிற்று.

இந்நோக்கத்துக்கு அவர்கள் கண்ட கருவி விடுதிப் பாடசாலை. ஆசிரியனோடு உடனுறைந்து கற்றல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. எனினும் மிசன் வளவில் உண்பது குலவழக்கத்துக்கு மாறு என அஞ்சிய பெற்றோர் தொடக்கத்திற் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். வந்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க நன்கொடையாளர் விரும்பிய பெயர்கள் சூட்டப்பட்டன. 1824 இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலை எழுந்தது. கற்ற கிறித்தவ இளைஞருக்கேற்ற வாழ்க்கைத்துணைவியர் இன்றேல் கிறித்தவக் குடும்பம் நிலைபெறாது என்பது அதனை நிறுவியோர் கருத்து.

இம்முயற்சியின் சிகரம் 1823 இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியாகும். அதன் முதல் அதிபர் தானியேல் பூவர் தமிழை நன்கு கற்றவர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் முதலியன அங்குப் போதிக்கப்பட்டன. மேனாட்டு வானியலைக் கற்றோர் புராணங் கூறும் உலக அமைப்பை ஐயுறுவர். ஐயுற்றோர் கிறித்து சமயத்தை நாடுவர் என மிசனரிமார் எதிர்பார்த்தனர்.

அவ்வெதிர்பார்ப்பின் முற்பகுதி ஓரளவு நிறைவேறியது. பிற்பகுதி பலரிடம் பொய்த்தது. அறிவு ஐயத்தை எழுப்பலாம். விசுவாசத்தைத் தானே பிறப்பிக்கமாட்டாது. மாணவர் பலர் ஆங்கிலக் கல்வியை அரச உத்தியோகத்துக்கு வாயிலாகவே கொண்டனர். ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற இடத்தை இப்பொழுது கல்வி பெற்றது எனலாம். செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய்த் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராக வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்முரண்பாடே செமினரியின் முடிவுக்கும் வழிவகுத்தது. 1855 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் சங்கச் செயலாளர் றூபஸ் அண்டர்சன், ஆங்கில உயர்கல்வி மிசனின் முதற் கடமையன்று எனக் கருதினார். ஊரவரே போதகராகித் தாய்மொழியிற் போதித்துத் தாமே நடத்தும் சபைகளே வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. ஆயினும் அங்குக் கற்ற கிறித்தவர் அம்முடிவோடு அமைதியடைந்திலர். அவர்களது முயற்சியின் பயனாக 1872 இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

இக்கல்விமுறையின் வலிமையை நன்குணர்ந்தவர் ஆறுமுக நாவலர். அவர் வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அவருடைய பிரசங்கங்களும், அச்சுக்கூடமும், வினாவிடை நூல்களும் மிசனரிமார் கையாண்ட கருவிகளையே சைவத்துக்குப் பயன்படுத்தின. சீடரை உருவாக்கும் முறையை மிசனரிமார் கற்பித்தனர். எச்சமயத்துக்குச் சீடராவது என்பதைக் கற்றோரே தீர்மானித்தனர்.

எனவே, செமினரியிலிருந்து திருச்சபைக்குச் சென்றோர் எத்தனைபேர் என்பதை மட்டுங்கொண்டு அதனை அளத்தல் பொருந்தாது. கற்பித்தல் ஆசிரியனின் செயல். சீடனாதல் மாணவனின் தெரிவு. அத்தெரிவுக்கு இடமளித்த கல்வி, தன்னை நிறுவியோரின் விருப்பத்தையுங் கடந்து செல்லும். வட்டுக்கோட்டைச் செமினரி மிசனரிமாருக்குத் தந்த ஏமாற்றமும் யாழ்ப்பாணத்துக்கு அளித்த கொடையும் இவ்வொரு காரணத்தினின்றே பிறந்தன.