மருந்தும் பொறியும்

நாம் வாழும் இத்திருவிதாங்கூர் மண்ணில் வெடிமருந்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1741 ஆகஸ்டுத் திங்களில் மார்த்தாண்டவர்மர் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார். சிறைப்பட்ட டிலனாய் பின்னர் அவர்தம் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார்.

அந்நாளைய ஐரோப்பியத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதித் தெறிக்கும் பொறியே மருந்தைப் பற்றவைத்தது. வீரன் தாளுறையைப் பல்லால் கிழித்து மருந்தைத் தன் கையாலேயே இட்டு நிரப்புவான். மருந்து நனைந்தாலும், கல்லின் முனை மழுங்கினாலும், தீ உட்செல்லும் சிறு துளை அடைபட்டாலும் வெடி தீராது. அவன் உயிர் பகைவன் கையில்! நம் பருவமழையில் அவன் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்போமாக.

தட்டிய அளவில் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த வழிகண்டு, ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஃபார்சைத் 1807-இல் காப்புரிமை பெற்றார். அம்மருந்து பின்னர்ச் சிறு செப்புத் தொப்பியில் அடைக்கப்பெற்றது. 1834-இல் இங்கிலாந்தின் உல்விச்சில் இருவகைத் துப்பாக்கியாலும் 6,000 முறை சுட்டுச் சோதித்தனர். கல் துப்பாக்கி 922 முறை பொய்த்தது. தொப்பித் துப்பாக்கியோ 36 முறையே!

1963 நவம்பர் 21-இல் நம் நகரையடுத்த தும்பாவில் எழுந்த முதல் ராக்கெட்டிலும், பெருமருந்தைப் பற்றவைத்தது ஒரு சிறு தீயே. மருந்து மலைபோற் குவிந்திருப்பினும், பொறி பொய்த்தால் பயனில்லை என்பதன்றோ இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது!