ஒன்பதாவது சில்லு

பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஒர்தினத்தெர்' என்று பெயர். 1955-ல் ஐபிஎம் கம்பெனியின் பிரான்ஸ் கிளை, தன் புதிய இயந்திரத்துக்கு ஒரு நல்ல பெயர் வேண்டுமென்று சொர்போனில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரேயைக் கேட்டது. உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்கு அடைமொழியாக லித்ரே அகராதியில் கிடந்த சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். பெயர் கொஞ்சம் பெரிதுதான். ஆனால் உள்ளே இருக்கும் நினைவுக்கு வைத்த பெயர் மிகப் பொருத்தம்: 'மெமுவார் வீவ்', உயிருள்ள நினைவு. மின்சாரம் இருக்கும்வரை அதற்கு உயிர். போனால் எல்லாம் போச்சு. நம் பிள்ளைகள் ரேம் என்பது இதைத்தான்.

பேரன் வாங்கிய புது கேமிங் கம்ப்யூட்டரில் இந்த ரேம் செய்த கூத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. இயந்திரத்தின் நினைவை யாரும் எந்தக் காலத்திலும் முழுசாக நம்பியதில்லை என்பது அந்தக் கதையில்தான் தெரியும்.

நிரலைத் தன் நினைவிலேயே வைத்துக்கொண்டு ஓடிய முதல் கம்ப்யூட்டர், 1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஓடியது. அதைக் கட்டியதே கணக்குப் போடுவதற்காக அல்ல. வில்லியம்ஸ், கில்பர்ன் என்ற இருவர் டிவி குழாய் போன்ற ஒரு குழாயில் எண்களைப் புள்ளிகளாகச் சேமிக்கும் வழி கண்டிருந்தார்கள். அந்தக் குழாய் மறக்காமல் இருக்கிறதா என்று சோதிக்கவே ஓர் இயந்திரம் செய்தார்கள். முதல் நிரல் 52 நிமிடம் ஓடி ஒரு விடை சொன்னது. விடை சரியாக இருந்ததால் குழாயும் சரி. ஆக, உலகின் முதல் நிரலே ஒரு மெமரி டெஸ்ட் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் இயந்திரத்திலும் முதலில் இப்படிக் குழாய்கள்தான். அவை படுத்திய பாடு கொஞ்சமல்ல. அங்கே ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார்கள். வேலை இல்லாத நேரத்தில் வேண்டுமென்றே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். தளர்ந்த பாகம் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும், நடுவேலையில் கழுத்தறுக்காது. 1953-ல் குழாய்களை எடுத்துவிட்டு, கம்பியில் கோத்த சின்னச் சின்னக் காந்த வளையங்களை வைத்த பிறகுதான் நிம்மதி.

அதே வளையங்களைக் கொண்டுதான் நம் நாட்டில் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் தன் கம்ப்யூட்டரைக் கட்டியது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 1960-ல் வேலைக்கு வந்த அந்த இயந்திரத்துக்கு 1962-ல் நேரு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள். நினைவோ 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் பத்து கிலோபைட். பேரனின் 32 ஜிபி அதைப்போல் 33 லட்சம் மடங்கு. இத்தனை அறைகளில் ஒன்றே ஒன்று பொய் சொன்னாலும் யாருக்குத் தெரியும்?

இங்கே எங்கள் பள்ளிக்கூட நாட்களுக்கு வருகிறேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'ப்ரெவ் பார் நெஃப்' மறந்திருக்காது. பெருக்கல் போட்டு முடித்ததும் பக்கத்தில் ஒரு சாய்ந்த சிலுவை போடுவோம். 47-ஐ 32-ஆல் பெருக்கினால் 1,504. நாலும் ஏழும் பதினொன்று, அதாவது இரண்டு. மூன்றும் இரண்டும் ஐந்து. இரண்டையும் ஐந்தையும் பெருக்கினால் பத்து, அதாவது ஒன்று. விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் பத்து, ஒன்று. சிலுவையின் நான்கு மூலையும் ஒத்துப்போயிற்று. ஆனால் அவசரத்தில் 1,540 என்று எழுதிவிட்டாலும் கூட்டுத்தொகை அதேதான்! இலக்கம் இடம் மாறினால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. பின்னாளில் ஆபீசில் லெட்ஜரில் வித்தியாசம் தேடி இரவு எட்டு மணிவரை உட்கார்ந்தவர்களுக்கு இந்த வகைப் பிழையின் அருமை தெரியும்.

கம்ப்யூட்டர்காரர்களும் இதே வழிக்குத்தான் வந்தார்கள். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் எட்டு மெமரி சில்லுகளுக்குத் துணையாக ஒன்பதாவதாக ஒன்று இருக்கும். அது எந்தத் தகவலையும் வைத்துக்கொள்ளாது. எட்டு பிட்டில் எத்தனை 'ஒன்று' இருக்கிறது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று மட்டும் குறித்து வைக்கும். பேரிட்டி என்று அதற்குப் பெயர். திரும்பப் படிக்கும்போது கணக்கு இடித்தால் 'பேரிட்டி செக்' என்று திரையில் எழுதி மெஷின் அப்படியே நின்றுவிடும். எங்கள் சிலுவையைப் போலவே இதற்கும் ஒரு குறை: ஒரே சமயத்தில் இரண்டு பிட் புரண்டால் கண்டுபிடிக்காது. பிழையைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல் எது பிழை என்று சுட்டித் திருத்தும் வழியை பெல் ஆய்வகத்தின் ஹாமிங் 1950-லேயே வெளியிட்டிருந்தார். வாரக் கடைசியில் அவர் போட்டுவிட்டுப் போன கணக்கு, பிழை வந்ததும் பாதியில் நின்றுபோய்க் கிடக்கும். அந்த எரிச்சலில் பிறந்தது அது.

1978-ல் இன்டெல் கம்பெனியின் மே, வுட்ஸ் என்ற இருவர் இன்னொரு சமாச்சாரம் சொன்னார்கள். சில்லை மூடியிருக்கும் பீங்கான் உறையில் துளியூண்டு யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன, அவற்றிலிருந்து வரும் ஆல்ஃபா துகள் பட்டாலே பிட் புரளும் என்று. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் அப்படியே. 2003 மே மாதம் பெல்ஜியம் தேர்தலில், ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. கணக்குப்படி வரவே முடியாத எண்ணிக்கை என்பதால் பிடிபட்டது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது. பதிமூன்றாவது பிட் ஒன்று சைபரிலிருந்து ஒன்றாகிவிட்டால் சரியாக அத்தனை கூடும். நிரலில் தப்பு அகப்படவில்லை. காஸ்மிக் கதிரின் வேலையாக இருக்கலாம் என்றார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், 1990-களின் நடுவில் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து ஒன்பதாவது சில்லைக் கழற்றிவிட்டார்கள். காரணம் விலை, வேறொன்றும் இல்லை. பெரிய சர்வர்களில் இன்றும் திருத்தும் வசதியுள்ள மெமரி ஓடுகிறது. அப்படிப்பட்ட சர்வர்களில் கூகுள் நிறுவனம் எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியிட்டபோது, ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை கண்டிருந்தது. அங்கே கணக்குப்பிள்ளை இருப்பதால் எண்ண முடிந்தது. நம் வீட்டில் கணக்குப்பிள்ளை இல்லை.

இப்போது பேரன் விஷயம். கடையிலேயே பூட்டித் தரும் கேமிங் கம்ப்யூட்டர்; கண்ணாடிப் பக்கம், உள்ளே கலர் கலராக விளக்கு. முதல் நாள் ஸ்விட்ச் போட்டதும் திரை இரண்டு மூன்று நிமிடம் கருப்பாகவே இருந்தது. பையன் பயந்துவிட்டான். இந்த டிடிஆர்-5 ரேமுக்கு முதல் தடவை அப்படித்தான். மெஷின் ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. உண்மையான தொல்லை மறுநாள் ஆரம்பித்தது. விளையாட்டு பாதியில் மூடிக்கொள்ளும். நீலத்திரை வரும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் சொல்லும். "தாத்தா, கடையில விண்டோஸ் பிரச்சினைன்னு சொல்றாங்க" என்றான். இரண்டு தடவை விண்டோஸ் மாற்றிக் கொடுத்தார்கள். பொய் சொல்லும் ரேமின் வழியாகப் புது விண்டோஸை ஏற்றினால் அதுவும் பொய்யோடுதான் ஏறும். அழிரப்பரால் ரேமின் காலைத் தேய்த்துப் போட்டால் சரியாகும் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். உப்பளம் கடற்காற்றில் பத்து வருஷம் கிடந்த மெஷினுக்கு அது சரி. ஒரு வாரம் ஆன மெஷினுக்குத் தங்கப் பூச்சைத் தேய்ப்பானேன்?

ஒரு வித்தியாசத்தைத் தேடும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் திருத்தக்கூடாது என்று எங்கள் சூப்பிரண்டு சொல்வார். அப்படியே செய்தோம். மெம்டெஸ்ட் என்று ஒரு நிரல் உண்டு, 1994-ல் கிறிஸ் பிராடி எழுதியது. நினைவு முழுவதும் எழுதும், திரும்பப் படிக்கும், ஒத்துப்பார்க்கும், மான்செஸ்டர்காரர்கள் செய்ததேதான். விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டினால் விண்டோஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சோதிக்க முடியாது. அதனால் பென் டிரைவிலிருந்து ஓட்டினோம். சிவப்பு வரிகள் வந்தன.

இந்தக் கேமிங் மெஷின்களில் ரேமை அதன் பொதுவான வேகத்துக்கு மேலே ஓட்ட எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று ஓர் அமைப்பு உண்டு. கடையில் அதைப் போட்டுத்தான் தருகிறார்கள். பெட்டிமேல் அச்சிட்ட வேகம் அப்படிப் போட்டால்தான் கிடைக்கும். பாதிப் பேருக்கு அதை நிறுத்தினாலே தொல்லை தீர்ந்துவிடும். எங்களுக்குத் தீரவில்லை, சிவப்பு வரிகள் குறைந்தன, அவ்வளவே. பிறகு இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓர் இரவு ஓட்டினோம். சுத்தம். மறு இரவு அதே இடத்தில் இன்னொன்று. ஐந்தாவது நிமிடமே சிவப்பு. அதையே வேறு இடத்தில் மாற்றிப் போட்டாலும் சிவப்பு. ஆக, குற்றம் போர்டில் இல்லை, வேகத்தில் இல்லை, விண்டோஸில் இல்லவே இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும் கடையில் மறுபேச்சு இல்லை. ஜோடியாக விற்பது என்பதால் இரண்டையுமே மாற்றிக் கொடுத்தார்கள்.

விளையாட்டு நின்றதுகூடப் பரவாயில்லை. அந்தப் பத்து நாளில் எங்கள் குடும்பத்துப் பிறப்பு, திருமணப் பத்திரங்களின் ஸ்கேன் படங்களைப் பையன் அதில் ஏற்றி வெட்டி ஒழுங்குபடுத்தியிருந்தான். சிலவற்றைத் திறந்தால் பாதிப் பக்கம் சாம்பல் நிறம். மூலப் பத்திரங்கள் பெட்டியில் இருப்பதால் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். என் தாத்தாவின் பிறப்புப் பத்திரம் மட்டும் பிரான்சில் இருக்கும் உறவினர் கைக்குப் போய்விட்டது, இப்போது அவரும் இல்லை.

ஆனால் இந்த ஊரில் எத்தா சிவில் பதிவேட்டை ஒற்றைப் பிரதியாக வைத்ததில்லை. 1776-ல் பதினாறாம் லூயி காலத்து ஆணை ஒன்று, குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு பிரதியைக் கூடுதலாக எழுதி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்றது. கப்பல் மூழ்கும், கரையான் அரிக்கும் என்று அந்தக் குமாஸ்தாக்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்றாம் பிரதிகள் இன்று எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரியின் பழைய ஆண்டுகளை இணையத்திலேயே புரட்டலாம்.

இரண்டு சாயங்காலம் தேடி தாத்தாவின் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். தேதி சரி, சாட்சிகள் சரி. அவருடைய அப்பா பெயரில் மட்டும் நான் வீட்டுப் பத்திரத்திலிருந்து டைரியில் எழுதி வைத்திருந்ததற்கும் அதற்கும் ஓர் எழுத்து வித்தியாசம். இரண்டில் எது சரி என்று சொல்ல இன்னொரு பிரதி வேண்டும். நகராட்சியில் இருப்பதன் நகலுக்குப் போன திங்கட்கிழமை மனு கொடுத்திருக்கிறேன்.