கிரனடாவும் அக்குறணையும்

கண்டி மாநகரிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது அக்குறணை. முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இவ்வூர் மாணவர் ஒருவர், பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் ஸ்பெயின் நாட்டுக் கிரனடா நகருக்குக் கல்வி கற்கச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பிறப்புச் சான்றிதழிலே இனம் 'இலங்கைச் சோனகர்' என்றிருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பிலோ அது 'மூர்' என மாறிவிடும். வேறெந்த நாட்டிலும் எவரும் பொருட்படுத்தாத அச்சொல் கிரனடாவிலே பழைய நினைவுகளைக் கிளறும். தோற்கடிக்கப்பட்டு விரட்டப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தாரின் பெயர் அங்கு அது. 1492 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள் கடைசி முஸ்லிம் அரசனிடமிருந்து நகரைக் கைப்பற்றியமையை அந்நகரத்தார் இன்றும் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

இப்பெயர் நமக்கு எவ்வாறு வந்தது? வட ஆபிரிக்க மக்களை உரோமர் 'மௌரி' என்றழைத்தனர். அச்சொல்லே ஐபீரிய தீபகற்பத்தில் முஸ்லிம்களைச் சுட்டும் பொதுப்பெயராயிற்று. இலங்கைக் கரையை 1505 இல் அடைந்த போர்த்துக்கேயர், இங்கு வாணிகஞ் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களையும் தம் ஊரிலே பழகிய அதே பெயரால் அழைத்தனர். ஆங்கிலேயர் அதனைக் குடிசன மதிப்பீட்டிலே நிலைபெறச் செய்தனர். 'சோனகர்' என்னும் தமிழ்ச்சொல்லோ 'யவனர்' என்பதன் வழி வந்தது என்பர். அதன் பயணம் வேறு.

பெயர் மட்டுமன்று, பெயரோடு சேர்ந்த தண்டனையும் கப்பலேறி வந்தது. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன என்பதை நம்மிற் பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. மூன்றாம் பிலிப் மன்னன் காலத்தில், 1609 முதல் 1614 வரை, ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாய மதமாற்றத்துக்கு உட்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள், ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவன் மகன் ஆட்சியிலே, 1626 இல், கொழும்பிலிருந்த போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா தன் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். இரண்டு நிகழ்ச்சிகளுக்குமிடையே பன்னிரண்டு ஆண்டுகளே இடைவெளி. மொரிஸ்கோக்களுக்குக் கடல்தான் வழியாயிற்று; இலங்கை முஸ்லிம்களுக்கு மலைகள் இருந்தன. கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, அவர்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான் எனப் போர்த்துக்கேய ஆசிரியர் குவேறோஸ் குறிப்பிடுகின்றார்.

அக்குறணையின் தோற்றம் பற்றிய வாய்மொழி மரபும் இக்காலத்தையே சுட்டுகின்றது. செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் காலத்திலே (1635–1687) அரபியர் மூவர் வந்து, போர்த்துக்கேயருக்கெதிரான போரிலே மன்னனுக்குத் துணைநின்று, சிங்களப் பெண்களை மணந்து இங்கு குடியேறினர் என்பது அம்மரபு. மூவர் கதைகள் உலகெங்கும் உண்டு. இதனை ஆவணமாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் விரட்டப்பட்டோருக்குக் கண்டியரசு இடங்கொடுத்தது என்னும் வரலாற்றுண்மை அக்கதையினுள்ளே பொதிந்து கிடக்கின்றது.

இனி, கல்விக்கு வருவோம். ஸ்பானிய நகருக்குக் கற்கச் செல்வது இக்காலப் புதுமையன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே மோர்லி ஊரினரான தானியேல் என்ற ஆங்கிலேயர் கல்வி நாடிப் பாரிஸ் சென்றார். பெரும் நூல்களை முன்னே விரித்துவைத்து வீற்றிருந்த ஆசிரியரிடம் வெறுமையையே கண்டதாக அவர் எள்ளலோடு எழுதியுள்ளார். (விரிவுரையாளர்கள் பொறுத்தருள்க.) அரபுக் கல்வி சிறந்து விளங்கியது தொலேதோவிலே என்று கேள்வியுற்று அங்கே விரைந்தார். அந்நகர் 1085 இலேயே கிறித்தவர் கைக்கு மாறிவிட்டது; எனினும் அறிவு அரபு மொழியிலேயே இருந்தது. இத்தாலியரான கிரெமோனா ஜெராட் அங்குத் தங்கி அரபு கற்று, தொலமியின் 'அல்மஜெஸ்ட்' உட்பட எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். அவருக்கு அந்நூலை விளங்கவைத்தவர் காலிபு என்னும் உள்ளூர்க்காரர். ஜெராட்டின் பெயர் எல்லா வரலாற்று நூல்களிலும் உண்டு. காலிபு பற்றித் தானியேல் விட்டுச்சென்ற குறிப்பு இல்லையேல் அப்பெயரே நமக்குத் தெரிந்திராது. தானியேல் ஊர் திரும்பியபோது கொண்டுசென்றது நூற்குவியல்.

இலங்கைக்கும் கிரனடாவுக்கும் நேரடியான இணைப்பொன்றும் உண்டு. 1344 இல் புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாத மலையேறிய இப்னு பதூதா, சில ஆண்டுகளின் பின்னர் கிரனடா சென்றார். இந்தியாவிலிருந்து வந்த துறவியர் இருவர் அங்கு வாழ்ந்ததாக அவர் சொல்கின்றார். அங்கே அவர் சந்தித்த இளைஞர் இப்னு ஜுஸை, பின்னர் பெஸ் நகரிலே அவர் சொல்லச்சொல்லப் பயண நூலை எழுதி முடித்தார். ஆகவே, பதினான்காம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றி நாம் விரும்பி எடுத்தாளும் சான்று, கிரனடா மைந்தர் ஒருவரின் எழுதுகோல் வழியே நமக்குக் கிடைத்தது.

அந்நாளிலே கிரனடாவில் முதலாம் யூசுப் 1349 இல் நிறுவிய மதரசா இருந்தது. நகர் வீழ்ந்த சில ஆண்டுகளில் அது மூடப்பட்டு நகரசபையாயிற்று. கர்தினால் சிஸ்நேரோஸ் அரபு நூல்களைத் திரட்டிப் பொதுச்சதுக்கத்திலே எரித்தார். மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. அதே சிஸ்நேரோஸ் 1517 இல் அறிஞர் இராஸ்மஸைத் தம் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தபோது, ஸ்பெயின் தமக்குப் பிடிக்கவில்லை என அவர் மறுத்துவிட்டார். 1987 இல் தொடங்கிய ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கின்றது! அத்திட்டத்தின் வழி வரும் மாணவரைப் பெருமளவில் வரவேற்கும் பல்கலைக்கழகங்களுள் ஒன்று கிரனடா. பழைய மதரசாக் கட்டடம் இன்று அப்பல்கலைக்கழகத்தின் உடைமை.

அக்குறணையின் முகம் கிரனடாவை நோக்கியதன்று, கெய்ரோவை நோக்கியது; ஊரின் முதன்மைப் பாடசாலை 'அஸ்ஹர்' எனப் பெயர்பெற்றமையே அதற்குச் சான்று. எகிப்திலிருந்து 1883 இல் நாடுகடத்தப்பட்டு வந்து, கண்டியிலும் வாழ்ந்த ஒறாபி பாஷாவும், கண்டியிற் பிறந்த சித்திலெப்பையும் இம்முகத்திருப்பத்துக்கு வழிகோலியோருள் முதன்மையானவர்கள். சித்திலெப்பை 1885 இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை' எகிப்தையே களமாகக் கொண்டது.

எனினும் மொரிஸ்கோக்களுடன் நமக்குள்ள நெருங்கிய ஒற்றுமை வேறோரிடத்தில் உள்ளது. அரபு மொழிக்குத் தடைவந்து அதனை மறந்த அம்மக்கள், தாம் பேசிய ஸ்பானிய மொழியை அரபு எழுத்திலே எழுதினர். அதற்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்திலே எழுதி அரபுத்தமிழ் என்றனர். அவர்களுக்கு அது மறைப்பு. நமக்கு அது வசதி. 1884 இல் அல்மொனாசித் என்ற சிற்றூரிலே பழைய வீடொன்றை இடித்தபோது, ஒளித்துவைக்கப்பட்ட அல்ஹமியாதோச் சுவடிகள் குவியலாகக் கிடைத்தன. ஸ்பானிய அறிஞர்கள் அவற்றை எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிப்பித்து வருகின்றனர்.

இக்கட்டுரையாளரின் பாட்டியார் தமிழ் எழுத்து அறியார். ஆனால் அரபுத்தமிழ்க் கிதாபை அந்திதோறும் உரக்க வாசிப்பார், கேட்போருக்கு அது தமிழாகவே ஒலிக்கும். அந்தக் கிதாபு இன்றும் வீட்டிலே உண்டு, துணியிற் சுற்றியபடி. அதனை ஒரு பக்கமேனும் தடையின்றி வாசிக்கக்கூடியவர் இப்பொழுது அவ்வீட்டில் எவரும் இலர். இதனை எழுதுபவரும் அவர்களுள் ஒருவர்.