தேக்காவில் ஒரு ஞாயிறு இரவும் அதற்குப் பிறகு வந்த சட்டமும்

போன வருசம் எங்கட ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பாரை அகற்றச் சொல்லி ஒரு மகஜர் கொண்டு வந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். பின்னேரத்தில் மதகில் இருந்து குடிக்கிறவர்களைத் தாண்டித்தான் என் தங்கச்சி ரியூசனுக்குப் போய்வருகிறாள். வேறென்ன செய்ய? பிறகு ஓர் ஒப்படைக்காக சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கலவரம் பற்றி வாசிக்க வேண்டி வந்தது. வாசித்து முடித்தபோது அந்தக் கையெழுத்து கொஞ்சம் உறுத்தத் தொடங்கியது. போட்டது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போடும்போது ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

லிட்டில் இந்தியாவைத் தமிழர்கள் தேக்கா என்றுதான் சொல்வார்கள். அங்குள்ள தெருப் பெயர்களைப் பார்த்தாலே பழைய கதை தெரியும். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டுக்கும் அர்த்தம் எருமைதான், ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் மாட்டு வியாபாரம் நடந்தது. அதோடு சேர்ந்து இந்தியர்களும் இங்கே பெருகினார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான குதிரைப் பந்தயத் திடல் 1933 இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது.

இன்றைய தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உயிர். கட்டடங்களிலும் கப்பல் தளங்களிலும் வேலை செய்கிற தமிழ்நாட்டு, வங்காளதேசத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் தீவின் ஓரங்களில் உள்ள விடுதிகளில் இருந்து பஸ்களில் வந்து இறங்குவார்கள். வீட்டுக்குக் காசு அனுப்புவது, சாமான் வாங்குவது, ஊர்க்காரரைத் தேடிப் பிடித்துக் கதைப்பது எல்லாம் அந்த ஒரு நாளில்தான். கடையில் ஒரு போத்தல் வாங்கிப் புல்வெளியிலோ அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலோ வட்டமாக இருந்து குடிப்பதும் நடந்தது. அந்த அடுக்குமாடிகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. குப்பை, சத்தம், வாந்தி என்று அவர்கள் கலவரத்துக்கு முன்பிருந்தே முறையிட்டு வந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் முறையிட்டிருப்பேன்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கிற இடத்தில், விடுதிக்குத் திரும்புகிற தனியார் பஸ்ஸின் கீழ் ஒரு தொழிலாளி நசுங்கி இறந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். குடித்திருந்தார். பஸ்ஸில் ஏறியவரை இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கி, நகர்ந்த பஸ்ஸோடு கூடவே போகும்போது விழுந்திருக்கிறார். கூட்டம் திரண்டு பஸ் சாரதியையும் ஆட்களை ஏற்றி இறக்குகிற பெண்ணையும் தாக்கப் பாய்ந்தது. பிறகு உதவிக்கு வந்தவர்கள் மீதும் திரும்பியது. இருபதுக்கு மேற்பட்ட வாகனங்கள் சேதமாகின, ஐந்து எரிந்தன, அதில் ஒன்று அம்புலன்ஸ்.

அம்புலன்ஸை ஏன் எரித்தார்கள்? வாசித்ததில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். அரசு நியமித்த விசாரணைக் குழு 2014 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. சக்கரத்தின் கீழ் கிடக்கிறவரை விட்டுவிட்டு, சாரதியையும் அந்தப் பெண்ணையும் முதலில் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டம் நம்பியதாம். உண்மையில் அவர் ஏற்கனவே இறந்திருந்தார், மீட்புப் பணியாளர்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். ஆக, நம்பியது பொய். ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் அந்தப் பொய்யை ஒரு கணத்தில் நம்பத் தயாராக இருந்தார்களே, அது எங்கிருந்து வந்தது?

குழு மூன்று காரணங்களைச் சொன்னது. விபத்தைப் பற்றிய தவறான புரிதல், கூட்டத்தின் கலாசார உளவியல் தன்மைகள், மது. வேலை நிலைமைகள் மீதான அதிருப்தி காரணம் அல்ல என்று முடிவு செய்தது. மது ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. வெறி இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் மூன்று காரணங்களில் ஒரு சட்டத்தால் பூட்டக்கூடியது மதுவை மட்டும்தான். அரசும் அதைத்தான் பூட்டியது.

அடுத்த வார இறுதியிலேயே 1.1 சதுர கிலோமீட்டர் பரப்பில் மது விற்கவும் குடிக்கவும் தடை. 2014 இல் ஒரு தற்காலிகச் சட்டம். 2015 ஜனவரியில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஏப்ரல் 1 இலிருந்து அமல். அதன்படி சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவும் முடியாது, கடையில் போத்தல் வாங்கிப் போகவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் விசேட வலயங்கள். அங்கே சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. அந்த வலயங்களில் பிடிபட்டால் தண்டனையும் ஒன்றரை மடங்கு. கேலாங்கில் கலவரம் எதுவும் நடக்கவில்லை. அது இதைவிடப் பெரிய வெடிமருந்துக் கிடங்கு என்று பொலிஸ் ஆணையாளர் விசாரணையில் சொல்லியிருந்தார்.

அனுமதி பெற்ற உணவகத்துக்குள் கதிரையில் இருந்து, அதன் நேரத்துக்குள் குடிக்கலாம். அதற்குத் தடை இல்லை. அப்படியென்றால் கதிரைக்குக் காசு கொடுக்கக்கூடியவர் குடிக்கலாம், புல்லில் இருக்கிறவர் குடிக்கக்கூடாது. எங்கட ஆட்கள் இதை இன ஒடுக்குமுறை என்று உடனே எழுதிவிடுவார்கள். அது அவ்வளவு இலகு இல்லை. விசாரணைக் குழுவின் தலைவர் ஜி. பன்னீர் செல்வம், பாராளுமன்றத்தில் சட்டமூலத்தை முன்வைத்த அமைச்சர் எஸ். ஈஸ்வரன். பெயர்களைப் பாருங்கள். இங்கே கோடு வேறு இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. வீடு உள்ளவன் வீட்டில் குடிக்கிறான். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், சில இடங்களில் அதற்கும் மேல், அடுக்குக் கட்டிலில் படுக்கிறவனுக்கு வீடு எது? அவன் குடிப்பது மட்டும்தான் “பொது இடத்தில் குடித்தல்” ஆகிறது.

இந்த இடத்தில் ஒரு எழுபது வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது அதே மலாயா மண்ணில் தமிழ்த் தொழிலாளிக்குக் கள் கிடைப்பதில் ஒரு குறையும் இருக்கவில்லை. தோட்டங்களில் கள்ளுக்கடைகளை, எங்கட பாஷையில் தவறணைகளை, அரசின் அனுமதியோடு நடத்தியதே நிர்வாகம்தான். கொடுத்த சம்பளத்தில் ஒரு பகுதி பின்னேரமே திரும்பி வரும். சிங்கப்பூரிலும் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன.

மூடச் சொல்லிக் கேட்டது யார் தெரியுமா? தொழிலாளிகள். 1941 இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்நின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. சீனத் தொழிலாளருக்குச் சமனான சம்பளம், வெள்ளைக்காரத் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துதல் ஆகியவையும் அதே பட்டியலில் இருந்தன. நாதனை நாடு கடத்தினார்கள், படையை இறக்கினார்கள், சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு, கெடாவில் தொண்டர் படை என்ற இளைஞர் அமைப்பு கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தது. 1947 இல் பீடோங்கில் பொலிஸுடன் நடந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தவறணையை மூடச் சொன்னதற்காக!

1947 இல் கடையைத் திறந்து வைக்கப் பொலிஸ் வந்தது, 2013 இல் பூட்ட வந்தது. இரண்டு தடவையும் குடிக்கிறவனின் நன்மையும் பொது அமைதியும்தான் பேசப்பட்டன. கிள்ளான்காரர்கள் கள்ளைத் தனியாகப் பார்க்கவில்லை. சம்பளம், மரியாதை, தவறணை மூன்றும் அவர்களுக்கு ஒரே விஷயம். 2015 இல் போத்தல் மட்டும் தனியாகக் கழற்றி எடுக்கப்பட்டது.

சட்டம் வேலை செய்ததா என்றால், செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கலவரம் திரும்ப வரவில்லை. புல்வெளிகள் அமைதியாகின. கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினார்கள். தொழிலாளர் தேக்காவுக்கு வரத் தேவையில்லாதபடி விடுதிகளுக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு நிலையங்களும் கடைகளும் வந்தன. அந்த விடுதிகளுக்குள் என்ன நிலைமை என்று உலகம் திரும்பிப் பார்த்தது 2020 இல்தான். அந்த வருடம் சிங்கப்பூரில் கொரோனா தொற்றியவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அங்கே இருந்தவர்கள்.

எங்கட பார் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, மகஜருக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது மகஜர் எழுதப் போகிறார்களாம். மதகில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கட்டட வேலைக்கு வெளி மாவட்டத்தில் இருந்து வந்து, சீற் கொட்டிலில் படுக்கிறவர்கள். இந்த முறை அவர்களிடமும் ஒருக்கா கதைத்துப் பார்ப்போமா என்று கேட்டேன். “குடிகாரனோட என்ன கதை?” என்றார் தலைவர்.