வளர்த்த யானையா, பிடித்த யானையா?

கதிர்காமத்து எசல பெரஹராவில் அலங்கார ஆடை போர்த்தி நடந்து வரும் யானையைக் காணும் எவரும் அதை 'வளர்ப்பு யானை' என்றே சொல்வர். ஆடு மாடுகளைப் போல அதுவும் மனிதனோடு வாழப் பிறந்த பிராணி என்ற எண்ணம் இச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. யானை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்த பணிக்கர்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இச்சொல் சற்று உறுத்தவே செய்யும்.

ஆடு, மாடு, நாய் என்பன பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் முற்றத்திலேயே ஈன்று, தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்யப்பட்டு, இயல்பே மாறியவை. யானைக்கு அது நிகழவில்லை. பெண் யானை ஏறத்தாழ 22 மாதம் சுமந்து ஒரு கன்றை ஈனும். அக்கன்று பாரம் இழுக்கும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை தீனி போடுவதைவிடக் காட்டில் வளர்ந்ததைப் பிடித்து வருவதே மலிவு என்று அரசர்களும் வணிகர்களும் கண்டனர். எனவே மனிதன் வைத்திருந்த யானைகளில் பெரும்பாலானவை வளர்த்தவை அல்ல, பிடித்தவை.

இலங்கையில் அவ்வாறு பிடித்துக் கொடுத்தவர்களில் புகழ்பெற்றவர்கள் முஸ்லிம் பணிக்கர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த முஸ்லிம் கிராமங்களின் பணிக்கர்களைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். மான் தோலிலோ எருமைத் தோலிலோ திரித்த கயிறுதான் அவர்களுடைய ஆயுதம். காற்றின் திசை பார்த்து, தடம் பார்த்து யானையை நெருங்குவர். ஒருவர் அதன் கவனத்தைத் திருப்ப, மற்றவர் பின்னங்காலில் சுருக்கை மாட்டி, கயிற்றின் மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார். பிடிபட்ட யானைகளை அராபியர் பழக்கினர் என்றும், தென்னிந்திய அரசர்களின் முகவர்கள் வந்து வாங்கிச் சென்றனர் என்றும் டெனன்ட் குறிப்பிடுகிறார். கண்டி தலதா மாளிகையில் நீண்டகாலம் பேழை சுமந்து, 1986இல் தேசியச் சொத்தாக அறிவிக்கப்பட்டு, 1988இல் மாண்ட 'ராஜா' என்னும் கொம்பனும் ஏறாவூர்க் காட்டில் உமறுலெவ்வைப் பணிக்கரிடம் அகப்பட்டதென்பர்.

இத்திறமையைப் பெருமையோடு பேசுவது நியாயமே. ஆனால் கயிற்றின் மறுமுனையில் நின்ற உயிரின் கணக்கும் டெனன்டின் நூலிலேயே உண்டு. 1831 முதல் 1856 வரை அரச திணைக்களங்களில் மாண்ட யானைகளுள், பிடிபட்டபின் வாழ்ந்த காலம் பதியப்பட்டவை 138. அவற்றுள் 72 ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 'ராஜா' போல முதுமை கண்ட யானையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முதலாம் ஆண்டிலேயே விழுந்தவற்றுக்குப் பெயரில்லை.

காட்டில் நின்றவற்றின் கதியும் அன்று மேலானதாக இருக்கவில்லை. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் றோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாக டெனன்ட் எழுதுகிறார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். கொன்ற யானைக்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்த காலம் அது. ஊவா யானைக்கு அன்று இரண்டே வழிகள்: துப்பாக்கி அல்லது சங்கிலி.

துப்பாக்கிக்கு வெகுமதி கொடுத்த காலம் போய்விட்டது. சங்கிலியின் மீதான ஆசை போகவில்லை. இந்த நூற்றாண்டிலும் காட்டுக் கன்றுகள் தாயிடமிருந்து திருடப்பட்டு, போலிப் பதிவுகளுடன் வசதி படைத்தோரின் வளவுகளுக்குச் சென்ற விவகாரம் நீதிமன்றங்கள்வரை வந்தது. முன்பு யானை பாரம் இழுத்தது. இப்போது அந்தஸ்தைக் காட்டும் செல்லப்பிராணி. 2021 ஆகஸ்டில் வந்த வர்த்தமானி விதிகள், யானைக்கு நாளாந்தம் இரண்டரை மணிநேரக் குளிப்பு, மரபணு விபரத்துடன் அடையாள அட்டை, நான்கு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்றெல்லாம் வகுத்தன. நல்லவைதாம். எனினும் பரந்த காட்டில் திரியும் கூட்டத்தின் உறவை எந்த வளவும் கொடுக்க முடியாது. மதம் பிடித்த ஆண் யானையை எந்த அட்டையும் அடக்காது.

வேறு வழியொன்று மொனராகலையின் எல்லையிலேயே உண்டு. உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் யானைக் கன்றுகளுக்கான இடைத்தங்கல் நிலையத்தைத் தொடங்கியது. தாயை இழந்த கன்றுகளுக்கு அங்கே பாலூட்டுகின்றனர், ஆனால் கொஞ்சுவதில்லை. பார்வையாளர் தூர நின்று பார்க்கலாம், தொட முடியாது. கன்று மனிதனிடம் ஒட்டிவிட்டால் காட்டுக்குத் திரும்பாது என்பதே காரணம். 1998 முதல் அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவை கூட்டமாகக் காட்டில் விடப்பட்டுள்ளன.

புத்தல - கதிர்காம வீதியில் இதற்கு மாறான காட்சியைக் காணலாம். வாகனத்தை மறித்து நிற்கும் யானைக்குப் பழம் நீட்டிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். அன்பென்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் அந்த ருசி கண்ட யானை அடுத்த வாகனத்தின் கண்ணாடிக்குள் தும்பிக்கையை விடும். ஒருநாள் யாரையேனும் மிதிக்கும். பின் அதுவே 'முரட்டு யானை' என்று பெயரெடுக்கும்.

பணிக்கர் யானையின் மூச்சுக் கேட்கும் தூரம்வரை போனவர். அதற்கு அஞ்சியே ஒவ்வோர் அடியையும் வைத்தவர். அந்த அச்சத்தில் ஒரு மரியாதை இருந்தது. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கயிற்றை அல்ல, அந்த மரியாதையைத்தான்.