தறியும் தச்சும் கற்பித்த மருத்துவம்

பீளமேட்டு நூற்பாலையில் அறுந்த இழையை நொடிப்பொழுதில் ஒட்டிவிடும் தொழிலாளியைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கவாதத்தால் அவருடைய வலக்கை செயலற்றுப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் உயிரைக் காத்துவிடுகிறார். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடவும், சோற்றைப் பிசைந்து உண்ணவும், மீண்டும் இழையைப் பிடிக்கவும் அந்தக் கையைப் பழக்குவது யார்? அதற்கென்றே ஏற்பட்டதுதான் ஆக்குபேஷனல் தெரபி என்னும் தொழில்வழிச் சிகிச்சை. இதைத் தோற்றுவித்தவர்கள் யார் என்று அறிந்தால் வியப்படைவீர்கள்.

1917 மார்ச்சில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஆறு பேர் கூடி இத்துறைக்கென ஒரு தேசியச் சங்கத்தை நிறுவினர். ஆண்கள் மூவர், பெண்கள் மூவர். அவர்களுள் மருத்துவர் வில்லியம் டன்டன் ஒருவரே. கூட்டத்தைக் கூட்டிய ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயாலும் வாதத்தாலும் துன்புற்று, வேலை செய்தே உடல் தேறியவர். எலினார் ஸ்லேகிள் சமூகப் பணியாளர். சூசன் ஜான்சன் கைவினை ஆசிரியை. தாமஸ் கிட்னர் தொழிற்கல்வி வல்லுநர். இசபெல் நியூட்டன் பார்ட்டனின் செயலாளர்.

முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு நெசவும் கூடை முடைதலும் மரவேலையும் கற்பிக்கப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். இத்துறையில் பெண்கள் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் இதற்கு வித்திட்டவரும் ஒரு பெண்மணியே. அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியரை மணந்து கமலா நிம்ப்கர் ஆனவர். பிலடெல்பியாவில் இக்கலையைப் பயின்று வந்து, 1950இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் பத்து நாடுகள் சேர்ந்து உலகக் கூட்டமைப்பை ஏற்படுத்தியபோது இந்தியாவும் அவற்றுள் ஒன்றாயிற்று.

அன்றைய பயிற்சி இன்று பட்டப்படிப்பாக வளர்ந்துவிட்டது. கோவையிலேயே இதற்குக் கல்லூரி உண்டு. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்களைப் படித்தவர்கள் இதில் சேர்ந்து உடற்கூறும் உடலியங்கியலும் உளவியலும் கற்கிறார்கள். அந்த அறிவு இன்றியமையாதது. நரம்பின் போக்கை அறியாதவர் கையைத் திருத்த முடியாது. ஆனால் அந்தக் கை முன்பு என்ன வேலை செய்தது என்பதை அறியாதவரும் அதைத் திருத்த முடியாது அல்லவா?

மில் தொழிலாளியின் மகளே, உழவரின் மகனே! பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டு தயங்காதீர்கள். நோயாளி தம் வலியைச் சொல்வது உங்கள் மொழியில்தான். வீட்டில் நீங்கள் கண்ட உழைப்பும் இத்துறைக்கு ஒரு கல்வியே.