காம்பரா: ஒரு சொல்லின் வரலாறு

தொல்காப்பியனார் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். அவர் காலத்துக்கு நெடுங்காலம் பின்னர், மேலைக்கடல் கடந்து வந்து தமிழிற் கலந்த சொற்களும் பலவுள. அலமாரி, சன்னல், சாவி, மேசை என நாம் நாள்தோறும் வழங்குவன போர்த்துக்கேயர் தந்தவை. அவற்றின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க வேறொரு சொல் காம்பரா என்பது. சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இச்சொல்லைக் கேளாது ஒரு நாளும் கழிவதில்லை. ஆயினும் அங்கு அது பெற்ற பொருள் வேறெந்த நாட்டிலும் அது பெறாத பொருளாகும். அப்பொருள் எவ்வாறு விளைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரேக்க மொழியில் ‘கமாரா’ என்பது வில்வளைவான கூரையைக் குறித்தது. உரோமர் அதனைக் ‘கமெரா’ என ஏற்று, வளைமாடத்துக்கு வழங்கினர். பிற்கால இலத்தீனில் அது கூரையை விட்டு, கூரையின் கீழுள்ள அறையைக் குறிக்கலாயிற்று. பிரெஞ்சு மொழியில் இடையுயிர் கெட்டு, மகரமும் ரகரமும் அடுத்து நின்றபோது, அவற்றினிடையே ஒரு பகர ஒலி தோன்றிச் ‘சாம்ப்ர்’ என்றாயிற்று. ஆங்கிலத்துச் ‘சேம்பர்’ அதன் வழி வந்தது. ‘காமரா’ என்னும் போர்த்துக்கேய வடிவம் தமிழர் வாயிற் ‘காம்பரா’ ஆனதும் இதையொத்த ஒலிமாற்றமே போலும்.

நாடுதோறும் இச்சொல் கொண்ட கோலங்கள் பல. இத்தாலியர்க்கு அது வெறும் அறை. அவர்களுடைய பாராளுமன்றத்தின் ஓர் அவைக்கும் அதுவே பெயர். போர்த்துக்கேயர்க்கு அது நகரசபை. கோவை மாநகரை ஆண்ட சபையும் அப்பெயராலேயே வழங்கிற்று. உருசிய மொழியிற் சிறைக்கூடமும் இச்சொல்லாற் சுட்டப்படுகிறது. இந்தி பேசுவோர் அறையைக் ‘கம்ரா’ என்பர். ஓரறையிற் கூடி உறைந்த படைவீரரை இசுப்பானியர் ‘கமராதா’ என்றனர். அதுவே ஆங்கிலத்திற் ‘கொம்ரேட்’ ஆகி, நாம் தோழர் என்று பெயர்க்கும் சொல்லாயிற்று. சிறு துளைவழி ஒளி புகும் இருட்டறையை ‘இருண்ட கமெரா’ என இலத்தீனில் அழைத்தனர். பின்னர் நிழற்படக் கருவி அப்பெயரைச் சுருக்கிக் கொண்டது. ஆகவே ஈழத்துத் தமிழில் ஒரே சொல் இருமுறை வந்துள்ளது: காம்பராவாக ஒருமுறை, கமராவாக மறுமுறை.

இத்தீவில் இச்சொல் புகுந்த வழியையும் நோக்குவாம். போர்த்துக்கேயர் 1505இல் வந்தனர். 1658இல் அவர்தம் ஆட்சி ஒழிந்தது. இன்றைய கேகாலை மாவட்டத்து மெனிக்கடவரையிலும், இரத்தினபுரியிலும் அவர்கள் கோட்டை அமைத்திருந்தனர். பின்வந்த ஒல்லாந்தரும் ‘காமெர்’ என்று இச்சொல்லையே வழங்கினர். 1602இல் நிறுவப்பட்ட அவர்களது கிழக்கிந்தியக் கும்பனி ஆறு கிளைகளாக அமைந்தது. ஒவ்வொரு கிளைக்கும் ‘காமெர்’ என்றே பெயர். ஈழத்துக் கறுவா விற்ற பணம் அக்காமெர்களையே சென்றடைந்தது. சிங்களத்திற் ‘காமரய’ என்று இன்றும் வழங்குவது இவ்விரு மொழிகளின் எச்சமே. ஆங்கிலேயர் காலத்தில், 1839இல், வணிகர் கூடிக் கொழும்பில் ஒரு வர்த்தக சங்கம் கண்டனர். அதன் ஆங்கிலப் பெயரிலும் ‘சேம்பர்’ உண்டு.

அக்காலத்தை ஒட்டியே தென்னிந்தியத் தமிழர் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டனர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் ஓங்கின. யட்டியந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்ற, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் மலைச்சரிவெங்கும் தோட்டங்கள் எழுந்தன. தொழிலாளர் உறைவதற்கு நீண்ட கட்டடங்களை வரிசையாகக் கட்டினர். ஆங்கிலேயர் ‘லைன்’ என்றதைத் தொழிலாளர் லயம் என்றனர். அதுவும் சணல்நூலைக் குறித்த ‘லீனெயா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. லயத்தின் ஒவ்வொரு பகுப்பும் காம்பரா எனப்பட்டது.

ஈண்டு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிற நாடுகளில் இச்சொல் வீட்டின் ஓர் உறுப்பையே குறித்தது. வீடு பெரிது, அறை அதனுள் அடங்குவது. தோட்டத்திலோ காம்பராவைத் தன்னுள் அடக்கும் வீடு ஒன்றில்லை. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உடையதாய்ப் பெரும்பாலும் அமைந்த அவ்வோர் அறையே வீடு முழுவதும் ஆயிற்று. முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு, மேலே தகரக்கூரை. சமைப்பதும் உண்பதும் உறங்குவதும், மகப்பேறும் நோயும் சாவும், பிள்ளைகள் விளக்கொளியிற் பாடம் படிப்பதும் அவ்வளவிலேயே. மகனுக்குத் திருமணமானால் துரையிடம் வேறொரு காம்பரா கேட்பர். கிடையாவிடின் ஒரு சேலையை இடையே கட்டி ஒரு காம்பராவை இரண்டாக்குவர். நீதிமன்றத்தார் மூடிய அறையில் மறைவாக விசாரிப்பதை ‘கமெராவில் விசாரித்தல்’ என்பர். மறைவுக்கே அடையாளமான அச்சொல், அயலாரின் இருமலும் கேட்கும் ஒற்றைச்சுவர் வாழ்க்கைக்குப் பெயராகியது வரலாற்றின் முரண்.

இதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு. அவை என்ற பொருளில் ஐரோப்பாவில் ஓங்கிய சொல்லை வீடாகக் கொண்டவர்கள், இந்நாட்டின் அவைக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமையை இழந்தனர். டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931இற் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இவர்களுட் பலர் சில வரையறைகளுக்கு உட்பட்டு வாக்காளராயினர். 1936இல் உருவன்வெல்லைத் தொகுதியில் லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோழர் என்னும் விளியை அரசியலில் வழங்கியோர் காம்பரா வாசிகளை நாடி வந்த காலம் அது. இரு சொற்களுக்கும் தாய் ஒன்றே என்பதை அவர்கள் எண்ணியிருப்பாரோ, அறியோம். 1948இன் குடியுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்தன. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த உறவினர் இரு நாட்டவராயினர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

இன்று சில தோட்டங்களில் தனிவீடுகள் எழுகின்றன. லயங்களில் வாழ்வோரோ இன்னும் பலர். தனிவீட்டுக்குச் செல்லும் குடும்பத்துச் சிறுவன் காம்பரா என்று தன் வீட்டைக் குறியான். வீட்டினுள் தான் படிக்கும் அறையைக் குறிக்கக்கூடும். அன்று இச்சொல் மற்றைய மொழிகளிற் போன்று அறை என்னும் பொருளுக்கு மீளும். அகராதி காண்போர் அதனை ஒரு பொருள் மாற்றம் என்று ஒரு வரியில் எழுதிச் செல்வர். அம்மாற்றம் எல்லாத் தோட்டங்களிலும் விரைவில் நேர்க என்பதே நம் விருப்பம். அதற்கு முன், தோட்டங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் இத்தகைய சொற்களைக் கேட்டு, அவை வழங்கும் இடத்தோடும் பொருளோடும் எழுதி வைப்பாராக. சாசனம் பொறிக்க வாய்ப்பில்லாத மக்களுக்குச் சொற்களே சாசனம்.